ஈர விறகின் சரித்திரம்

மலையகத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோப்பியைப் பற்றி எழுதினார்கள். பின்னர் தேயிலையைப் பற்றி எழுதினார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து வந்த தொழிலாளரைப் பற்றியும், அவர்களை அழைத்து வந்த கங்காணிமாரைப் பற்றியும், பங்களாவில் வாழ்ந்த துரைமாரைப் பற்றியும் எழுதினார்கள். அரிசி மலையேறிய கதையும் ஓரளவு பதிவாகியிருக்கிறது. கண்டி இராச்சியத்தில் தவளம் எனப்பட்ட பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டிச் சென்ற முஸ்லிம்கள், பின்னர் கம்பளையிலும் நாவலப்பிட்டியிலும் ஹட்டனிலும் கடை திறந்து தோட்ட மக்களோடு கொடுக்கல் வாங்கல் செய்த வரலாறு நம்மவர் அறிந்ததே.

ஆனால் அந்த அரிசியை வேகவைத்த விறகின் கதையை எழுதியவர் அரிது. காரணம் எளிது. தேயிலைக்கு ஏற்றுமதிக் கணக்கு உண்டு. கொழும்புத் துறைமுகத்தில் ஒவ்வோர் இறாத்தலும் பதிவாகிறது. விறகு எந்தத் துறைமுகத்தையும் காண்பதில்லை. அது மலையில் முளைத்து, மலையிலேயே சாம்பலாகிறது. அதைச் சுமந்தவர்களும் பெரும்பாலும் பெண்களும் சிறுவர்களும்தாம். கூலிக் கணக்கிலும் அது வரவில்லை; ஆகவே சரித்திரக் கணக்கிலும் வரவில்லை.

ஆயினும் ஆறாயிரம் அடி உயரத்தில், மார்கழி தையில் புல்நுனியில் உறைபனி பூக்கும் நுவரெலியாவில், நெருப்பில்லாமல் ஒரு நாளும் நகர்வதில்லை. அந்த நெருப்பு யாருக்கு எப்படிக் கிடைத்தது, யாருக்குக் காய்ந்த விறகு கிடைத்தது, யாருக்கு ஈர விறகு கிடைத்தது என்று பார்த்தால், மலையகச் சமுதாயத்தின் படிக்கட்டு முழுவதும் அதில் தெரிகிறது.

காயவைத்து எரித்த காடு

மலையகத்தில் மரத்தைப் பெருமளவில் வெட்டிக் காயவைக்கும் வேலை அடுப்புக்காகத் தொடங்கவில்லை. காட்டையே இல்லாமலாக்குவதற்காகத்தான் தொடங்கியது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டத்தின் பின்னர் மலைக்காடுகள் அரசின் சொத்தாகக் கொள்ளப்பட்டு, கோப்பித் துரைமாருக்கு விற்கப்பட்டன. காடு வெட்டும் வேலையைப் பெரும்பாலும் அயற்கிராமத்துச் சிங்களக் கோடரிக்காரர்கள் ஒப்பந்தத்தில் செய்தார்கள். அவர்களுடைய முறை விசித்திரமானது. சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு மரத்தையும் பாதி அளவுக்கு வெட்டிக்கொண்டே போவார்கள். எந்த மரமும் விழாது. உச்சிக்கு வந்ததும் மேல் வரிசை மரங்களை முழுதாக வெட்டிச் சாய்ப்பார்கள். அவை கீழ் வரிசை மேல் விழ, அது அடுத்ததன் மேல் விழ, ஒரு மலைச்சரிவே இடிமுழக்கத்தோடு சரிந்துவிடும்.

விழுந்த காட்டைச் சில வாரங்கள் வெயிலில் கிடக்க விடுவார்கள். இலையும் கிளையும் சருகாகிய பின், காற்றும் வெயிலும் கூடிய ஒரு நாளில் தீ வைப்பார்கள். தீ வைக்குமுன் மழை வந்துவிட்டால் துரைக்குப் பெருநட்டம். பாதி எரிந்த கட்டைகள் மலை நிறையக் கிடக்கும். அவற்றை மீண்டும் அடுக்கி எரிக்கக் கூலி கொடுக்க வேண்டும். மரம் எப்போது காயும், எந்த மாதத்து வெயிலை நம்பலாம், எந்த மலைமுகத்தில் காற்று வரும் என்ற அறிவு இவ்வாறு காட்டை அழிக்கும் தேவையிலேயே தோட்டத்துக்குள் புகுந்தது.

1878 அளவில் கோப்பிப் பயிர் ஏறத்தாழ 275,000 ஏக்கரை எட்டியிருந்தது. அதற்கு முன்பே, 1869இல், இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூளாகத் தோன்றிய பூஞ்சண நோய் அதன் முடிவைத் தொடக்கி வைத்துவிட்டது. 1873இல் லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர் வற்புறுத்தியதை ஏற்று, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டுவதற்கு அரசு தடை விதித்தது. ஆற்று ஊற்றுகளைக் காப்பதே நோக்கம். ஹோட்டன் சமவெளியும் பிதுருதலாகல மலையின் காடும் இன்று மிஞ்சியிருப்பதில் அந்தத் தடைக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அதற்குக் கீழே, தலைமுறை தலைமுறையாக அடுப்பெரிக்கப் போதுமான மரம் ஒரு சில பருவங்களில் சாம்பலாகிப் போயிருந்தது. அடுத்து வந்த பயிர் நெருப்பைக் கேட்டு வந்தபோதுதான் அந்த இழப்பின் அளவு தெரிந்தது.

நெருப்பைக் கேட்ட பயிர்

கோப்பி வெயிலில் காயும். சீமெந்துக் களத்தில் பரப்பிக் கிளறிவிட்டால் போதும். தேயிலை அப்படியன்று. கொய்த கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். அதை வாட்டி, உருட்டி, நொதிக்க விட்டு, சரியான கணத்தில் சூடான காற்றால் உலர்த்தி நிறுத்த வேண்டும். இறுதியில் நூற்றுக்கு மூன்று வீத ஈரமே மிஞ்சலாம். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகிறது என்றால், இடையில் மூன்றரைக் கிலோ தண்ணீர் ஆவியாகிப் போயிருக்கிறது.

1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்ட ஜேம்ஸ் டெய்லர், தம் வீட்டு விறாந்தையையே தொழிற்சாலையாக்கினார். மேசையில் கொழுந்தைக் கையால் உருட்டி, களிமண் அடுப்பில் கரி நெருப்பின் மேல் கம்பித் தட்டுகளை வைத்து உலர்த்தினார். இலங்கைத் தேயிலையின் முதல் நெருப்பு அதுதான். கரியின் இடத்தை விரைவில் இயந்திரம் பிடித்தது. அசாமில் தோட்டம் செய்த சாமுவேல் டேவிட்சன், பெல்பாஸ்ட் நகரில் 1881இல் நிறுவிய தொழிற்சாலையிலிருந்து ‘சிரோக்கோ’ என்ற உலர்த்தும் இயந்திரங்களை அனுப்பினார். சகாராவிலிருந்து வீசும் வெப்பக் காற்றின் பெயர் அது. அடியில் உலை, நடுவில் சூடேறும் காற்று, மேலே இலைத் தட்டுகள். புகை இலையில் படாமல் சூடு மட்டும் படும்.

1884இல் ரயில் ஹட்டனுக்கு வந்தது. மறு வருடம் நானுஓயாவை அடைந்தது. 1900 அளவில் தேயிலை மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. ஸ்டோர் என்று தோட்ட மக்கள் அழைக்கும் தொழிற்சாலை ஒவ்வொன்றும் உலையைக் கொண்டிருந்தது. ஒரு கிலோ தேயிலைக்கு ஒன்றரை முதல் இரண்டரைக் கிலோ வரை விறகு தேவைப்படும். நாளொன்றுக்கு ஆயிரம் கிலோ தேயிலை செய்யும் ஸ்டோர், இரண்டு தொன் விறகை விழுங்கும்.

வெட்டிய காட்டுக்குப் பதிலாக அவசரமாக வளரும் மரங்கள் தேவைப்பட்டன. அவுஸ்திரேலியாவிலிருந்து அவை வந்தன. கிரெவிலியா நிழல் மரமாகத் தேயிலைக்கு நடுவே நின்றது. சிங்களத்தில் அது ‘சபுக்கு’; மலையகத் தமிழில் ‘சவுக்கு’. கடற்கரையில் நாம் காணும் சவுக்கு வேறு. யூகலிப்டஸ் மரத்தை மலையகத்தார் ‘டர்பன்டைன்’ என்பர். அது காற்றடிக்கும் உச்சிகளிலும் தேயிலை ஏறாத மூலைகளிலும் தோப்பானது. வேலம்பட்டை தரும் வாற்றில் மரமும் கூட வந்தது. இன்று நுவரெலியாவுக்குப் போகும் உல்லாசப் பயணி ‘இயற்கை அழகு’ என்று புகைப்படம் எடுக்கும் நெடிய தோப்புகள் பல, உண்மையில் தொழிற்சாலை உலைக்காக நட்ட விறகுத் தோட்டங்களே.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உலை எண்ணெய் வந்தது. குழாயைத் திருகினால் நெருப்பு. விறகு பிளக்கவும் அடுக்கவும் ஆள் வேண்டாம். 1973இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பல மடங்கு ஏறியபோது அந்த வசதி கனவாகிப் போனது. ஸ்டோர்கள் விறகுக்குத் திரும்பின. 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுக்குச் சொந்தமாகிக்கொண்டிருந்த அதே ஆண்டுகள் அவை. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குப் போனது. உடைமையாளர் மாறினார்கள், உலை விறகையே தின்றுகொண்டிருந்தது.

மரம் காயும் விதம்

விறகு காய்வதில் என்ன இருக்கிறது என்று நகரத்து வாசகர் கேட்கலாம். பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். நன்றாகக் காய்ந்த விறகில் ஐந்தில் ஒரு பங்கு. எரியும்போது அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் சூடு முதலில் செலவாகிறது. ஒரு கிலோ பச்சை விறகு தரும் சூடு சுமார் 8 மெகாஜூல் என்றால், ஒரு கிலோ காய்ந்த விறகு 14 மெகாஜூல் தரும். அதைவிடப் பெரிய தீங்கு வேறு. ஈரம் நெருப்பின் வெப்பத்தைத் தாழ்த்திவிடும். மரத்திலிருந்து எழும் வாயுக்கள் எரிந்து தீராமல் கறுத்த புகையாக வெளியேறும்.

மரத்தின் நீர், வேரிலிருந்து இலைக்கு ஏறிய அதே நுண்குழாய்கள் வழியேதான் வெளியேறுகிறது. ஆகவே நீளக் கட்டை மெதுவாகக் காயும். துண்டாக்கினால், வெட்டுமுகங்கள் கூடுவதால், விரைவாகக் காயும். பட்டை ஈரத்தை அடைத்து வைக்கும். பிளந்தால்தான் பக்கவாட்டிலும் வழி கிடைக்கும். பல யூகலிப்டஸ் இனங்களின் நார் முறுக்கேறியது. பச்சையாக இருக்கும்போதே பிளக்காவிட்டால், காய்ந்தபின் கோடரி உள்ளே இறங்காது. அடுக்கும்போது அடியில் இரண்டு கட்டைகளைக் குறுக்கே போட்டு நிலத்திலிருந்து தூக்கி வைக்க வேண்டும். மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. பக்கங்களையும் மூடினால் காற்றில்லாமல் பூஞ்சணம் பிடிக்கும். நுனியில் வெடிப்பு விழுந்து, பட்டை கழன்று, ஒன்றோடொன்று தட்டினால் ‘டக்’ என்று கணீரென ஒலித்தால் விறகு காய்ந்துவிட்டது. மந்தமாக ஒலித்தால் இன்னும் பச்சை.

இதெல்லாம் எங்கும் பொருந்தும் விதிகள். மலையகத்துக்கு வானமும் ஒரு விதி வைத்திருக்கிறது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்தை மூடிக்கொள்ளும். வட்டவளை இலங்கையிலேயே மிகக் கூடுதலாக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல். மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தில் சமன் கொள்ளும். பனிமூட்டம் இறங்கிக் கிடக்கும் மாதங்களில் கூரையின் கீழ் அடுக்கிய விறகுகூட ஓர் எல்லைக்கு மேல் காயாது. ஆகவே ஜனவரி முதல் மார்ச் வரையான மூன்று மாதங்களே காய்ச்சலுக்குரிய காலம்.

அந்த மூன்று மாதங்கள்தாம் திம்புளைப் பகுதித் தேயிலையின் சிறந்த பருவமும். பகலில் வறண்ட வெயில், இரவில் கடுங்குளிர். கொழுந்து மெதுவாக வளர்ந்து மணம் திரட்டும். மலையின் மறுபுறத்தில், ஊவாவில், ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்று அங்குள்ள தேயிலைக்குப் புகழ் தந்தது. லண்டனில் விலை கூடிய தேயிலையைத் தந்த அதே காற்றுதான் தோட்டத்து விறகையும் காயவைத்தது. ஆனால் தேயிலைக்கு மணம் ஏறும் பருவத்தில் ஒரு கொழுந்தையும் விட்டுவிட முடியாது. விறகு காயும் வெயிலில், விறகு சேர்க்க வேண்டிய பெண் மலையில் நின்று கொழுந்து எடுத்தாள்.

மூன்று நெருப்புகள்

ஒரு தோட்டத்தில் மூன்று நெருப்புகள் எரிந்தன. முதலாவது ஸ்டோரின் நெருப்பு. அதற்கென்று தோப்பு உண்டு. வெட்டுவதற்கு ஒப்பந்தக்காரர் உண்டு. தகரக் கொட்டகையில் கன அளவு பார்த்து அடுக்கிக் காயவைக்க ஆள் உண்டு. ஈர விறகு போட்டால் உலையின் சூடு தளம்பும், தேயிலை கெட்டுவிடும். ஆகவே நிர்வாகம் அதில் கண்ணாக இருந்தது.

இரண்டாவது பங்களாவின் நெருப்பு. சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் குடியேறி ஆங்கிலப் பண்ணையொன்றை உருவாக்க முனைந்த காலந்தொட்டு, துரைமார் தம் தேசத்தின் கணப்பையும் புகைபோக்கியையும் கொண்டு வந்தார்கள். 1876இல் தொடங்கிய ஹில் கிளப்பில் மாலையானதும் மரக்கட்டை நெருப்பு மூட்டுவது வழக்கமாயிற்று. பங்களாவின் பின்புறத்தில் விறகறை இருந்தது. போன வருடம் பிளந்த விறகு இந்த வருடம் எரிந்தது. அறையை மணக்கச் செய்யும் அந்த மெல்லிய புகையும், கம்பளமும், நெருப்பின் முன் கிடக்கும் நாயும் ஆங்கிலேயர் எழுதிய நினைவுக் குறிப்புகளின் அலங்காரம். கோடரி பிடித்த கையும் விடிகாலையில் சாம்பல் அள்ளிய கையும் அக்குறிப்புகளில் அபூர்வமாகவே தென்படும்.

மூன்றாவது லயத்தின் நெருப்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பிரா; முன்னால் ஓர் இஸ்தோப்பு; மேலே தகரம். சமையலும் அங்கே, படுக்கையும் அங்கே, குளிர்காய்வதும் அங்கே. புகைபோக்கி கிடையாது. பங்களாவில் சூடேற்ற ஒரு நெருப்பும் சமைக்க வேறொரு நெருப்பும் இருந்தன. லயத்தில் ஒரே அடுப்புதான் இரண்டும். சோறு வடித்த பின்னும், தணலைச் சுற்றிப் பிள்ளைகளும் முதியவர்களும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருப்பார்கள்.

அந்த அடுப்புக்கு விறகு எங்கிருந்து வந்தது? தோப்பில் கோடரி வைக்க முடியாது. அது தோட்டத்தின் சொத்து, வைத்தால் திருட்டு. விழுந்த சுள்ளி, உதிர்ந்த கிளை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கவ்வாத்து வெட்டிய தேயிலையின் மிலாறு. தேயிலைச் செடியை மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தாழ்வாக வெட்டிவிடுவார்கள். விழும் கொப்புகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வருவார்கள். மிலாறு என்ற அந்தச் சொல்லைத் தோட்டத்தில் வாழ்ந்த எவரும் மறப்பதில்லை. மெல்லியது; பிளக்க வேண்டாம்; சீக்கிரம் காயும், சீக்கிரம் எரியும். ஆனால் தணல் நில்லாது. ஆகவே ஒரு சமையலுக்கு ஒரு கட்டு போய்விடும்.

அந்த மிலாறுக்கும் போட்டி வந்தது. 1925இல் அமைக்கப்பட்டு, பின்னர் தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் நிலைகொண்ட தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானம் ஒரு நியாயத்தைச் சொன்னது. கவ்வாத்துக் கழிவு மண்ணுக்கே போக வேண்டும். அது மண்ணரிப்பைத் தடுக்கும், உரமாகும், ஈரம் காக்கும். விஞ்ஞானத்தின்படி இது முற்றிலும் சரி. சரிவில் ஓடும் மழைநீர் மேல்மண்ணை எப்படிக் கழுவிக்கொண்டு போகிறது என்பதைக் கண்டவர் அதை மறுக்க மாட்டார். ஆனால் மிலாறை எடுக்காதே என்று சொன்னவர்கள், அதற்குப் பதிலாக எதை எரிப்பது என்ற கேள்விக்கு லயத்து வாசலில் நின்று பதில் சொல்லவில்லை. மண்ணின் பசியும் அடுப்பின் பசியும் ஒரே கொப்பின் மேல் வந்து நின்றன. மண்ணுக்காகப் பேச நிறுவனம் இருந்தது.

மழைக்காலத்தில் கிடைத்தது ஈர விறகே. தலையில் முப்பது கிலோ பச்சை விறகைச் சுமந்து மலையேறி வரும் பெண், உண்மையில் பதினைந்து கிலோ தண்ணீரைச் சுமந்து வருகிறாள். வழியில் அட்டை, குளவி, சில வேளை சிறுத்தையும். வீட்டுக்கு வந்ததும் அடுப்புக்கு மேலே கட்டிய பரணில் அதை அடுக்குவாள். இன்றைய நெருப்பு நாளைய விறகைக் காயவைக்கும். கொட்டகையும் வெயிலும் இல்லாதவர்கள் கண்டுபிடித்த சாமர்த்தியம் அது. ஆனால் பரணில் ஏறிய ஈரம் எங்கே போகும்? புகையோடு சேர்ந்து அந்தப் பத்தடி அறைக்குள்தான்.

புகை எழுதிய கணக்கு

விறகுப் புகையை நம் இலக்கியம் வறுமையின் அடையாளமாகவே பார்த்து வந்திருக்கிறது. ஊதுகுழலும் கண்ணீரும் சிறுகதைகளில் நிறையவே வந்துவிட்டன. மருத்துவம் அதை நோயின் காரணமாகப் பார்க்கிறது. அடுப்புப் புகையாலும் அதைப் போன்ற வீட்டுக்குள் மாசுபட்ட காற்றாலும் 2020ஆம் ஆண்டில் மாத்திரம் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நிமோனியா, நாட்பட்ட மூச்சுத்தடை நோய், இதய நோய், பக்கவாதம், சுவாசப்பைப் புற்றுநோய் என்று அதன் கிளைகள் நீளும். முதலில் அகப்படுவது அடுப்பின் முன் இருக்கும் தாயும் அவள் முதுகில் அல்லது மடியில் இருக்கும் குழந்தையுமே.

1980களில் இலங்கையில் உருவான ‘அனகி’ என்ற களிமண் அடுப்பு இதற்கு ஒரு நல்ல விடையாக வந்தது. ஒரே நெருப்பில் இரண்டு பானை; மூன்று கல் அடுப்பைவிடக் குறைந்த விறகு; குயவர் கையாலேயே செய்யக்கூடியது. இலட்சக்கணக்கான வீடுகளுக்குப் போன அந்த அடுப்பு உண்மையில் பெருமைப்படத்தக்கது. எனினும் அடுப்பு எவ்வளவு நல்லதாயினும் ஈர விறகை அதில் வைத்தால் புகையும். விறகைக் காயவைக்கக் கூரையும் இடமும் காலமும் வேண்டும். இம்மூன்றும் காணி உள்ளவனின் செல்வங்கள்.

இங்கேதான் விறகின் கதை உரிமையின் கதையாகிறது. கிராமத்தவனுக்குச் சிறு தோட்டமாவது உண்டு. வேலியில் கிளிசரியா நடுவான். பலாக் கொப்பை வெட்டுவான். தென்னம்பாளையும் மட்டையும் சேர்த்துத் தாழ்வாரத்தில் அடுக்குவான். லயத்து மனிதனுக்கு வேலி கிடையாது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவனாக்கப்பட்டவன், 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தால் எண்ணிக்கையாகப் பங்கிடப்பட்டவன், பல தலைமுறையாகத் தான் நட்ட மரங்களில் ஒன்றையும் தனதென்று சொல்ல முடியாதவனாக இருந்தான். அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் குடும்பமொன்றுக்கு 7 பேர்ச் காணி என்ற ஏற்பாடு வந்தது. நூற்றைம்பது வருடக் காத்திருப்பின் பின் வந்த அதன் பெறுமதியைக் குறைத்துப் பேசக் கூடாது. எனினும் 7 பேர்ச் என்பது 1,900 சதுர அடி. வீடும் வாசலும் போக, விறகு அடுக்க இடம் வரலாம். விறகுக்கு மரம் வளர்க்க இடம் வராது.

எரிவாயுவும் மின்சாரமும் வந்த பின் இவையெல்லாம் பழங்கதை என்று நினைத்தவர்களுக்கு 2022ஆம் ஆண்டு பதில் சொன்னது. டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது எரிவாயு வரிசைகள் தெருவை நிறைத்தன. அவ்வருடம் ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. அப்போது தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய். ஒரு லீற்றர் எண்ணெய் நாட்கூலியில் மூன்றில் ஒன்று. கொழும்பின் மாடிவீடுகளில் இருந்தவர்களும் விறகு தேடினார்கள். பச்சை விறகைக் கொளுத்திக் கண் கசங்கினார்கள். அந்தச் சில மாதங்களில் நகரம் கற்றுக்கொண்ட பாடத்தை லயம் ஒன்றரை நூற்றாண்டாகப் படித்துக்கொண்டிருந்தது.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் அல்ல. விறகுத் தோப்பை வெட்டும் வேளையில் ஒரு பங்கு கிளைகளை லயத்து மக்களுக்கென ஒதுக்கலாம். ஒவ்வொரு லயத்தின் அருகிலும், ஸ்டோருக்கு இருப்பதுபோல், பக்கம் திறந்த தகரக் கொட்டகை ஒன்று போடலாம். மாசி வெயிலில் அடுக்கியது ஆனி மழையில் எரியும். புதிய வீடுகளின் குசினிக்குப் புகைபோக்கி கட்டலாம். தேயிலை இலைக்குப் புகை படக்கூடாது என்று 1880களிலேயே பெல்பாஸ்டில் ஒருவர் இயந்திரம் செய்தார். அந்த இலையைக் கொய்தவளின் நெஞ்சுக்கும் அதே அக்கறை இப்போதாவது கிடைக்க வேண்டும்.

நம் எழுத்தாளர்களுக்கும் ஒரு வேலை உண்டு. மிலாறு, காம்பிரா, இஸ்தோப்பு, கவ்வாத்து, பெரட்டு என்ற சொற்களைப் பேசிய முதியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். எந்த மரம் எந்த மாதத்தில் வெட்டினால் காயும், எந்த விறகு தணல் நிற்கும், எது கண்ணைக் கரிக்கும் என்ற அறிவு அவர்களிடம் இருக்கிறது. ஏற்றுமதிப் பதிவேட்டில் இல்லாத அந்தச் சரித்திரத்தை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைப்போமாக.